கம்பெனிக் கண்

நாற்பது நிமிடம் கையை வைக்கக் கூடாது. கையை மட்டுமல்ல, மேசையில் முழங்கையை ஊன்றக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். பசை இறுகும்வரை முன் லென்ஸ் ஒரு முடியளவு அசைந்தாலும் போச்சு, மறுபடி கரைத்து, துடைத்து, நிமிர்த்தி, ஒட்டி, இன்னொரு நாற்பது நிமிடம். அதற்கு இன்று நேரமில்லை. இப்போது ஒன்பது ஐம்பது. பத்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு வண்டி வந்துவிடும், ஏழு கேமராக்களை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போகும், நாளை காலையிலிருந்து ஏழு ஊர்களில் சர்க்கரை வியாதிக்காரர்களின் கண்ணுக்குள் படம் எடுப்பார்கள், எந்தக் கண்ணில் ரத்தம் கசிகிறது என்று பார்வை போகும் முன்பே கண்டுபிடிப்பார்கள். அதற்காகத்தான் மூன்று வருடமாக இந்த மாடியில் கிடக்கிறேன். ஆறு கேமரா தயார். ஏழாவது இதோ, இடுக்கியில் கவ்விக்கொண்டு, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் படத்தில் ஒரு கறை. சாம்பல் நிறத்தில், ஓரம் கலங்கினாற்போல, ஓர் அரிசி அளவுக்கு. லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி எட்டு மணிக்கே வந்து பிரித்து ஒட்டிவிட்டேன். இனிமேல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறை, அங்கே ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் இங்கே தரை உறுமும். பத்தரை வரை ஓட்ட வேண்டாமென்று எங்களோடு வேலை பார்க்கும் பூங்கோதை அக்கா போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இந்த இருட்டறை ஒரு காலத்தில் சமையலறை. ஜன்னலில் கறுப்புச் சார்ட் ஒட்டியிருக்கிறோம். சிங்க் இன்னும் இருக்கிறது, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிறது, மழை நாளில் யாரோ எப்போதோ தாளித்த கடுகின் வாசனைகூட வருவதாக எனக்கு ஒரு பிரமை. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் மனிதர்களின் கண்ணுக்குள் வெளிச்சம் அனுப்புகிறேன் என்று நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் உடம்பு சிலிர்க்கும். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றே, நாலு மில்லிமீட்டர் ஓட்டை. உள்ளே போன வெளிச்சம் பின்சுவரில் பட்டு, வந்த வழியே, வந்த இடத்துக்கே திரும்புகிறது. எதிராளியின் கண்பாப்பா கறுப்பாகத் தெரிகிறதே, அது கறுப்பே இல்லை. நாம் குனிந்து பார்க்கும்போது நம் தலை வெளிச்சத்தை மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மறைக்காமல் பார்க்கத் தெரிந்தால் உள்ளே ஒரு செக்கச்செவேல் மாடம் இருக்கிறது. கல்லூரியில் இதை முதலில் படித்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு பஸ் போய்விட்டது, ஓர் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மா, உங்க கண்ணு கறுப்பு இல்லீங்க, நாந்தான் மறைச்சுக்கிட்டு நிக்கறேன். சொல்லியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பாள். கறை, கறை. கறையைப் பற்றி யோசிக்க வேண்டும், நான் எங்கேயோ போகிறேன்.

அந்தக் கறை எனக்குப் புதிதில்லை, அதுதான் எரிச்சல். முதல் கேமரா மரப்பலகையில் திருகி வைத்திருந்த காலத்திலிருந்தே எனக்கு அது பழக்கம். லென்ஸின் முதுகில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் படத்தில் எங்காவது ஒரு மங்கல் பொட்டாக வந்து உட்காரும், அதற்கு எங்கள் தொழிலில் கோஸ்ட் என்று பெயர். பூங்கோதை அக்கா முதல் முறை கேட்டபோது, “பேயா? பட்டப்பகல்லயா?” என்றாள். கோஸ்ட்டை விரட்ட வழி உண்டு, வெளிச்சம் போகும் பாதையில் சரியான இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால் ஓடிவிடும். ஐந்து பேய்களை அப்படி விரட்டினேன். இது ஒன்று மட்டும் போகவில்லை. லென்ஸ் மாற்றினேன், பூச்சு மாற்றினேன், குழாய்க்குள் கறுப்பு அடித்தேன், ஏழு மாதம். அசையவில்லை. படத்தின் நடுப்புள்ளிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம், நேற்று எங்கே உட்கார்ந்திருந்ததோ இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கும், பிடித்த பிடியை விடாமல். கடைசியில் தோற்றுப்போய் மென்பொருளில் ஓர் ஒட்டுப் போட்டேன். கிழிந்த துணிக்கு அதே நிறத் துண்டை வைத்து ஒட்டுப் போடுவதில்லையா, அதேதான். ஒவ்வொரு படத்திலும் அந்த அரிசி அளவு இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுற்றியிருக்கும் நிறத்தைப் பூசிவிடும். பெரிய ரத்த நரம்பு எதுவும் குறுக்கே போகாத இடம், ஆகவே ஒட்டுத் தெரியாது. எங்கள் முதலாளி நவநீதண்ணா, கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர், அன்று எல்லோருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். “மங்கை, நெம்ப அருமை, போ. இத்தோட அந்தக் கதைய முடிச்சுக்கலாம்,” என்றார். முடித்தோம். அப்புறம் ஆறு கேமராவிலும் கறை இல்லை. ஏழாவதில் வந்திருக்கிறது, ஒட்டுப் போட்டும், ஒட்டுக்குப் பக்கத்தில், தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் லென்ஸ் சாய்வு என்று முடிவு கட்டினேன். வேறென்ன இருக்க முடியும்.

ஒன்பது ஐம்பத்தேழு. கடிகாரத்தைப் பார்த்தால் நேரம் நகராது, ஆனாலும் பார்க்கிறேன். முதல் முறை நல்ல படம் வந்த நாளை நினைத்துக்கொள்வோம், அது எப்போதும் கைகொடுக்கும். என் வலது கண்தான். எப்போதும் என் வலது கண்தான். ஊரார் கண்ணைப் படம் எடுக்க ஆஸ்பத்திரியில் கமிட்டி கூடி அனுமதி தர வேண்டும், அதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று, சொந்தக் கண்ணுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். நவநீதண்ணாவுக்கு சோடாபுட்டிக் கண்ணாடி, கழற்றினால் கேமராவுக்குள் பார்க்க வேண்டிய பச்சைப் புள்ளியே தெரியாது. பூங்கோதை அக்காவுக்கு ஃபிளாஷ் அடிக்கும் முன்பே இமை மூடிவிடும். மிச்சம் நான். அதனால் என் வலது கண்ணுக்குக் கம்பெனிக் கண் என்றே பெயர் வந்துவிட்டது. எந்தத் திருகைத் திருகினாலும், எந்த லென்ஸை மாற்றினாலும், “கம்பெனிக் கண்ணைக் கொண்டா” என்பார்கள். நான் தாடையை ஊன்றிப் பச்சைப் புள்ளியைப் பார்ப்பேன். அன்றைக்கு ஃபிளாஷ் அடித்து, பார்வை முழுக்க நீலமாகி, அது வடிந்து, திரையில் படம் வந்தது. பழுத்த பப்பாளியை அறுத்து வைத்த நிறம். ஒரு பக்கம் வெளிறிய தட்டு, அதிலிருந்துதான் நரம்புகள் புறப்படுகின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு, கிளைத்து, மறுபடி கிளைத்து, நடுப்புள்ளியை மட்டும் தொடாமல் சுற்றி வளைத்துக்கொண்டு. இதுவரை நான் பார்த்த மலை, பஸ், அம்மாவின் முகம், பரீட்சைத் தாள் எல்லாம் இந்தச் சுவரில் விழுந்துதான் எனக்குள் வந்தது. அந்தச் சுவரை அதே சுவரால் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இஞ்சினியர் அழுதால் படத்தில் கலங்கல் வரும், கண்ணைத் துடை என்றார் நவநீதண்ணா. அவர் குரலும் சரியாக இல்லை.

கதவு ஒரு விரல் அளவு திறக்கிறது. பூங்கோதை அக்கா. லென்ஸ் துடைப்பதும் பொருத்துவதும் இவள்தான், இங்கே வருமுன் பதினொரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணியை ஓடவிட்டுக் கறை பார்க்கிற வேலை. “ஏங்கண்ணு, ஏழுக்குப் பெட்டி ரெடி. ஸ்டிக்கர் ஒட்டறதா, வேண்டாமா?” என்கிறாள், மேசை அதிரக் கூடாதென்று கிசுகிசுப்பாக. கையில் நம்பர் எழுதிய ஸ்டிக்கர். ஒட்டுங்கக்கா என்று சைகை காட்டுகிறேன். “அடையாளம் இல்லாட்டிப் போற எடத்துல மாறிப்போயிருமில்ல,” என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அடையாளம். இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வலது முழங்கால் அரிக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பியபோது அங்க அடையாளங்கள் இரண்டு எழுத வேண்டும். டீச்சர் ஒவ்வொருத்தியாக எழுப்பி மச்சம் எங்கே மச்சம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் கழுத்தில் இடப்பக்கம் ஒன்று. இரண்டாவது இல்லை. கை, முழங்கை, காது மடலின் பின்பக்கம், தோழிகள் எல்லோரும் தேடினார்கள், வீட்டுக்குப் போய் அம்மா விளக்கைப் பக்கத்தில் வைத்துத் தேடினாள், இல்லை. மறுநாள் டீச்சர் பொறுமையிழந்து, “வலது முழங்காலில் ஒரு தழும்பு,” என்று எழுதிவிட்டார். எனக்கு அப்படி ஒரு தழும்பு கிடையாது. பரீட்சை ஹாலில் வந்து பாவாடையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் என்ன செய்வதென்று பயந்து, சிமென்ட் தரையில் முழங்காலைத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் ஆறிப்போயிற்று, வடு நிற்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஆனால் வேலைக்குச் சேரும்போது அந்தச் சான்றிதழை நீட்டிய போதும் என் கை ஒரு கணம் தயங்கியது. அதில் இரண்டாவது வரி பொய்.

அக்கா திரும்பி வருகிறாள், சுவரோரமாக வந்து தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். திரையில் ஏழாம் நம்பரின் படம் அப்படியே இருக்கிறது, கறையோடு. “இதுதானா அது?” என்கிறாள். தலையாட்டுகிறேன். “நகந்துச்சா?” அவள் ரொம்ப நேரம் பார்க்கிறாள், துணி பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்து. நகர்ந்துவிட்டது அக்கா, ரெண்டு வருசமா ஒரே எடத்துல இருந்தது, இன்னைக்குத் தள்ளி வந்துருச்சு, லென்ஸ் சாஞ்சிருக்கும் என்கிறேன். “அதில்லை கண்ணு. கறை மட்டும் நகந்துச்சா, துணியுஞ் சேந்து நகந்துச்சா?” எனக்குப் புரியவில்லை. அவள் கையை விரித்துக் காட்டுகிறாள். “செக்கிங்குல மொதநாளே சொல்லிக் குடுத்துருவாங்க. கறையப் பாத்த ஒடனே துணிய ஒதுக்கக் கூடாது. துணியச் சித்த இழுத்துப் பாக்கோணும். துணியோட கறையும் வந்துச்சுன்னா துணில இருக்குது. துணி போயிக் கறை நின்னுச்சுன்னா மேசைக் கண்ணாடில இருக்குது. இது தெரியாம நான் மொத வாரத்துல நூறு பனியன ஒதுக்கிப்போட்டேன், மேசைலதான் கறை.” சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். பிளாஸ்டிக் டேப் கிழிக்கும் சத்தம் வெளியே கேட்கிறது.

துணியைச் சித்த இழுத்துப் பார்க்க வேண்டும். கோஸ்ட் கேமராவில் இருப்பது, கண் அசைந்தாலும் அது அசையாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும், புத்தகத்தில் முதல் அத்தியாயம். ஆனால் கண் அசைந்தால்தானே. கண் அசையக் கூடாதென்றுதானே அந்தப் பச்சைப் புள்ளியை நான் செய்தேன், கழுதைபோல உழைத்து, தாடை நிற்கும் இடம், நெற்றி முட்டும் இடம், புள்ளி தெரியும் இடம் எல்லாவற்றையும் அளந்து அளந்து, ஒவ்வொரு முறையும் கண் அச்சு பிசகாமல் அதே இடத்தில் வந்து நிற்கும்படி. அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரே கண், ஒரே இடம், ஒரே பார்வை, இரண்டு வருடம். துணி ஓர் அங்குலம்கூட நகராத மேசையில் உட்கார்ந்துகொண்டு கறை துணியிலா மேசையிலா என்று… வேண்டாம். அப்படி இருக்காது. ஏழாவதில் லென்ஸ்தான் சாய்வு. ஆறாம் நம்பரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வை. வைக்கிறேன். வெளிறிய தட்டைப் பார். ஆறாம் நம்பரில் தட்டு வலப்பக்க விளிம்பிலிருந்து இரண்டு விரல் தூரத்தில். ஏழாம் நம்பரில் இரண்டரை விரல். கறை எவ்வளவு தள்ளியிருக்கிறது? அரை விரல். தட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது? அரை விரல். இன்னொரு முறை அள. நரம்பு கிளைக்கும் முனை? அரை விரல். லென்ஸ் சாயவே இல்லை. பச்சைப் புள்ளியின் விளக்கைப் பிடிக்கும் தகட்டில் லேத்துக்காரர் துளையைக் கடுகளவு தள்ளிப் போட்டிருக்கிறார், என் கண் கடுகளவு வேறு பக்கம் பார்த்திருக்கிறது, துணி நகர்ந்திருக்கிறது. துணியோடு கறையும் வந்திருக்கிறது.

பத்து பதினாறு. பசை பாட்டுக்கு இறுகட்டும், அதை ஒட்டியதற்கு அர்த்தமே இல்லை. ஆறாம் நம்பரைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து தாடையை ஊன்றுகிறேன். ஒட்டை நிறுத்து. ஒரு பட்டன்தான், நான் எழுதியது, நிறுத்த எனக்கு ஏழு மாதம் எடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை, விரல் அப்படிக் கனக்கிறது. வலது கண் கேமராவுக்குள், இடது கண்ணால் பக்கத்துத் திரையைப் பார்க்கிறேன், கறுப்பு வெள்ளையில் ஓடும் உயிர்ப்படம். தட்டின் ஓரத்தில் ஒரு நரம்பு துடிக்கிறது, என் நெஞ்சு அடிக்கிற அதே வேகத்தில், இன்று ரொம்ப வேகமாக. பயம் கண்ணுக்குள்ளேயே தெரிகிறது, இந்தக் கண்ணைச் செய்தவன் எவனோ எதையும் ஒளித்து வைக்கவில்லை. பச்சைப் புள்ளியை விட்டுப் பார்வையைக் கொஞ்சம் மேலே தூக்குகிறேன். எல்லாம் நகர்கிறது. கீழே தாழ்த்துகிறேன். எல்லாம் நகர்கிறது, தட்டும் நரம்பும் அந்தச் சாம்பல் அரிசியும், ஒரே சுவரில் எழுதியவை ஒன்றாக நகர்வதுபோல. இடம், வலம். கூடவே வருகிறது. நான் போகிற இடமெல்லாம் அது வரும், வந்துகொண்டே இருந்திருக்கிறது. அது என்னுடையது. நான் ஏழு மாதம் லென்ஸில் தேடிய பேய் என் கண்ணுக்குள் குடியிருக்கிறது.

என்ன அது? அங்கே என்ன இருக்கிறது எனக்கு? இருட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். ஆயிரம் படம் பார்த்தவள் நான், புத்தகப் படங்களில் பார்த்த எல்லாக் கோளாறும் வரிசையாக வந்து நிற்கின்றன, கசிவு, வீக்கம், கட்டி. கட்டி என்ற சொல்லில் மனம் சிக்கிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. முப்பத்தொரு வயதில் கண்ணுக்குள் கட்டி வருமா, வரும், படித்திருக்கிறேன், அதைப் படித்த பக்கத்தின் ஓரத்தில் ஒரு டீக்கறை இருந்தது, அது எந்தப் புத்தகம். சாம்பல், தட்டை, கலங்கிய ஓரம், மேலே போகும் நரம்பு வளையவில்லை, அதாவது மேடு இல்லை, கட்டியென்றால் மேடு இருக்கும், இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய முதல் படத்தைத் திறக்கிறேன். அதே அளவு. அரிசிக்கு அரிசி. வளரவில்லை. மூச்சு விடுகிறேன். அப்புறம்தான் உறைக்கிறது. எனக்கு என்னவென்பது இல்லை இப்போது கேள்வி. என் கண்ணில் இருந்ததை நான் ஊரார் கண்களிலெல்லாம் அழித்திருக்கிறேன். அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன இருந்ததோ யாருக்குத் தெரியும், என் ஒட்டு அதன்மேல் பப்பாளி நிறத்தைப் பூசி, ஒன்றுமில்லை, நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரியில் சோதனைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் படம் எடுத்தோம். நாளையிலிருந்து ஏழு ஊர்.

ஒட்டுப் போடாத மூலப் படங்களை நான் ஒருபோதும் அழிப்பதில்லை, அந்தப் புத்தி மட்டும் இருந்தது, தப்பித்தேன், இல்லை, யார் தப்பித்தார்கள் என்று இனிமேல்தான் தெரியும். ஒன்று. இரண்டு. அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்துகிறேன். பெயர் கிடையாது, நம்பர், ஆண் அல்லது பெண், வயது. பதினேழு. முப்பது. எவ்வளவு விதம், கடவுளே. ஒன்று போல் இன்னொன்று இல்லை. கறுத்த செம்மண் நிறம், வெளுத்த நிறம், வயதானவர்களுக்கு நரம்பில் வெள்ளிக் கம்பிபோல ஒரு மினுக்கம், ஒருவருக்கு நரம்பு சுருண்டு சுருண்டு, ஒருவருக்குக் குச்சிபோல நேராக. இவர்கள் யாரும் தங்களுக்குள் இது இருப்பதைப் பார்த்ததில்லை, பார்க்காமலே காய்கறி வாங்கி, சண்டை போட்டு, தூங்கி எழுந்து கொண்டிருக்கிறார்கள். அவசரத்திலும் பயத்திலும்கூட எனக்கு இந்த வியப்பு போகமாட்டேன் என்கிறது, வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போகவில்லை. அறுபது. தொண்ணூற்று நாலு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அலாரம் அடிக்கிறது, பத்தரை, அணைக்கிறேன். கீழே மோட்டார் ஓடத் தொடங்குகிறது, தரை உறுமுகிறது, உறுமட்டும். நூற்று முப்பத்தெட்டு. கை நின்றுவிட்டது. பெண், ஐம்பத்திரண்டு. நடுப்புள்ளிக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம், நான் சுரண்டிய இடத்தில், மூன்று சிவப்புப் புள்ளிகள், கேழ்வரகு மணி அளவில், பக்கத்தில் மஞ்சளாய் ஒரு திட்டு. கசிவு. படத்தின் மற்ற இடமெல்லாம் சுத்தம். டாக்டருக்கு நாங்கள் அனுப்பிய ஒட்டுப் போட்ட படத்தைத் திறக்கிறேன். அதில் அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. கீழே டாக்டரின் குறிப்பு, கோளாறு இல்லை, அடுத்த வருடம் பார்த்தால் போதும்.

மிச்சத்தையும் பார்த்து முடித்தேன். வேறு யாரும் இல்லை. அந்த ஒருத்திதான். வெளியே வந்தபோது வெளிச்சம் கண்ணில் குத்தியது. நவநீதண்ணா பெட்டிகளை வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார், வண்டி வந்து நின்றிருந்தது, டிரைவர் கயிற்றை உதறிக்கொண்டிருந்தார். “ஏழு ஒட்டிருச்சா மங்கை?” என்றார். “அண்ணா, வண்டியைப் போகச் சொல்லாதீங்க,” என்றேன். என்ன என்று கேட்டவரை உள்ளே கூட்டிப்போய் மூன்று படம் காட்டினேன், என் கண், நூற்று முப்பத்தெட்டு ஒட்டோடு, நூற்று முப்பத்தெட்டு ஒட்டில்லாமல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குத் திட்டு விழும் என்று நின்றேன், விழுந்தால் நன்றாக இருக்குமென்றுகூட இருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “எளநி வேற வாங்கிக் குடுத்தேன்,” என்றார். அப்புறம், “ஒட்டை எடுக்க எத்தனை நேரம் ஆகும்?” ஒரு வரிதான் அண்ணா, ஆனா ஏழுலயும் எடுக்கணும், எடுத்துட்டு வேற வேற கண்ணுல பாக்கணும், இந்தத் தடவ என் கண்ணு ஒண்ணு மட்டும் போதாது. “டிரைவர், சாயங்காலம் வாங்க,” என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். தப்பை எங்கள் தப்பென்றே சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. அதற்காக அந்த மனிதரிடம் இன்னும் பத்து வருடம் வேலை பார்க்கலாம் என்று தோன்றியது.

பதினொன்று இருபது. பூங்கோதை அக்கா பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், அவளுக்கு இது புதிதில்லை, பனியன் மூட்டையைப் பிரித்த கை. டாக்டர் திரும்பக் கூப்பிட்டார். நூற்று முப்பத்தெட்டாம் நம்பர் அம்மாவிடம் பேசிவிட்டார்களாம், திங்கட்கிழமை காலையில் வருகிறார்களாம், தாமதமாகவில்லை, லேசர் வைத்துவிடலாம், பார்வைக்குப் பயமில்லை. என் படத்தையும் நவநீதண்ணா அனுப்பியிருந்தார் போலும். “உங்க கண்ணுல இருக்கறது மச்சம் மாதிரிதான் தெரியுது. தோல்ல வர்ற மாதிரி உள்ளயும் வரும், அதுபாட்டுக்கு இருக்கும். இருந்தாலும் நேர்ல பாத்துருவோம், நீங்களும் திங்கக்கிழமை வாங்க,” என்றார். மச்சம். போனை வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டேன், இடப்பக்கம், பழைய மச்சத்தை. அம்மா விளக்கு வைத்துத் தேடினாளே, அந்த வெளிச்சம் என் கண்ணுக்குள்ளும் போய் அதன்மேல் பட்டுத்தான் திரும்பியிருக்கும். அம்மா முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது, வந்த வெளிச்சத்தை அவள் தலைதான் மறைத்தது. சாயங்காலம் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். மச்சம் கெடச்சிருச்சும்மா, சான்றிதழில் ஒரு வரி மாத்தணும். அவள் முதலில் பயப்படுவாள், பிறகு எந்தப் பக்கம், வலது கண்ணா, வலது கண்ணில் மச்சம் இருந்தால் என்ன பலன் என்று யாரிடமாவது கேட்பாள். கேட்கட்டும்.

மறுபடி இருட்டறைக்கு வந்துவிட்டேன். ஏழாம் நம்பர் இன்னும் இடுக்கியில் மூக்கைத் தூக்கி நிற்கிறது, பசை நன்றாக இறுகிவிட்டது. துளை தள்ளிப்போன இந்த ஒன்றைத்தான் இன்று காலை எட்டு மணிக்கு வாயில் வந்தபடி ஏசினேன். மற்ற ஆறும் பிசகே இல்லாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. திரையில் நூற்று முப்பத்தெட்டு இருக்கிறது, மூடாமல் வைத்திருக்கிறேன். மேல் நரம்பு புறப்பட்ட உடனே ஒரு சின்ன வளைவு, கீழ் நரம்பு மூன்றாகப் பிரிகிற இடத்தில் ஒரு முடிச்சு. பத்து வருடம் கழித்துக் காட்டினாலும் இந்தக் கண்ணை நான் அடையாளம் சொல்வேன். முகம் தெரியாது. திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் ஐம்பது வயதுப் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோர் கண்பாப்பாவும் கறுப்பாகத்தான் இருக்கும், நான் நடுவில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பது அவர்தானா என்று எப்படித் தெரியும். கேட்கத்தான் வேண்டும், ஒவ்வொருவராக. ஏனுங்கம்மா, போன் பண்ணித் திரும்ப வரச்சொன்னது உங்களையாங்க? ஆமாம் என்று ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். பார்க்கும்போது என் முகம் அந்த மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் எங்கேயோ விழும். அப்போது சொல்லிவிட வேண்டும், மறைச்சது நாந்தானுங்கம்மா.